லேசர் தொடாத வட்டத்தில்தான் லென்ஸ் நிற்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் அறிவியல் பக்கத்தில் திரவ லென்ஸ் பற்றி வந்த கட்டுரையை ஒட்டி இதை எழுதுகிறோம். எண்ணெய்த் துளியை நீருக்குள் லென்ஸாக நிறுத்தும் வேலையை ஒரு தமிழ் நாளிதழ் எடுத்துப் பேசியது மகிழ்ச்சி. ஆனால் அதில் இருந்த மூன்று தவறுகள், இதைச் செய்து பார்க்க நினைக்கும் மாணவர்களை நேரே தோல்வியில் கொண்டுபோய் விடும். லேசர் நீருக்கடியில் லென்ஸைச் செதுக்குவதாக எழுதியிருந்தது முதல் தவறு. எண்ணெய் ஒட்டாத பரப்பின் மேல் லென்ஸ் அமர்வதாகச் சொன்னது இரண்டாவது. துளியின் அளவை மில்லிலிட்டரில் கொடுத்தது மூன்றாவது. அது மைக்ரோலிட்டர், அதாவது மில்லிலிட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

உண்மையில் லேசர் வேலை முழுவதும் காற்றிலேயே முடிந்துவிடுகிறது. தகட்டை நீரில் இறக்குவது அதற்குப் பிறகு. லேசர் லென்ஸைத் தொடுவதும் இல்லை. லென்ஸ் நிற்க வேண்டிய வட்டத்தை அப்படியே விட்டுவிட்டு, அதைச் சுற்றியுள்ள இடத்தை மட்டும் சொரசொரப்பாக்குகிறது. எண்ணெய் ஒட்டாதது அந்தச் சுற்றுப்புறம். லென்ஸ் நிற்பது தொடாத வழுவழுப்பான வட்டத்தில். வேலையின் தரம் முழுவதும் இந்த இரண்டும் சந்திக்கும் கோட்டில் இருக்கிறது என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறோம்.

மீனின் செதிலை வைத்துப் பார்த்தால் இது எளிதில் புரியும். எண்ணெய் மிதக்கும் நீரில் நீந்தும் மீனின் மேல் எண்ணெய் படிவதில்லை. அதே செதிலைக் காயவைத்துக் காற்றில் எண்ணெய் விட்டால் பரவிவிடும். சீன அறிவியல் கழகத்தின் லெய் ஜியாங் குழு 2009-இல் இதை விளக்கியது: செதிலின் நுண்மேடுகளுக்கு இடையே நீர் சிக்கிக்கொள்கிறது, மேலே வரும் எண்ணெய்த்துளி பெரும்பாலும் அந்த நீரைத்தான் தொடுகிறது, செதிலை அல்ல. துளியின் ஓரம் பரப்போடு சேரும் கோணத்தைத் தொடுகோணம் என்கிறோம். அது 150 டிகிரியைத் தாண்டினால் துளி கிட்டத்தட்ட முழு உருண்டையாகி, சற்றுச் சாய்த்தாலே உருண்டு போய்விடும். கண்ணாடியை லேசரால் சொரசொரப்பாக்கி நீரில் நனைத்தாலும் இதேதான் நடக்கிறது. சீனாவின் ஷியான் ஜியாவோதொங் பல்கலைக்கழகத்தில் ஃபெங் சென், ஜியாலே யோங் ஆகியோரின் குழு, மிக மிகக் குறுகிய துடிப்புகளாக ஒளியை விடும் ஃபெம்டோ விநாடி லேசரால் இத்தகைய பரப்புகளைச் செய்தது. நடுநடுவே தொடாத வட்டங்களை விட்டு, அவற்றில் எண்ணெயை நிறுத்தி, லென்ஸ் வரிசையாகவே செய்யலாம் என்று 2015-இல் அவர்கள் காட்டினார்கள்.

ஏன் நீருக்குள் போக வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. துளியை லென்ஸாக்குவது பழைய யோசனைதான். பித்தளைத் தகட்டுத் துளையில் நீர்த்துளியை நிறுத்தி அதை நுண்ணோக்கியாக்கும் முறையை இங்கிலாந்தில் ஸ்டீபன் கிரே 1696-லேயே எழுதிவிட்டார். ஆனால் காற்றில் துளி ஆவியாகும். தன் எடையாலும் தட்டையாகும். எண்ணெயை நீருக்குள் வைத்தால் மிதப்பு விசை அதன் எடையில் பெரும்பகுதியைத் தாங்கிக்கொள்கிறது. அடர்த்தி 1.07 உள்ள ஃபினைல் சிலிக்கோன் எண்ணெயை எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணெய்க்கும் நீருக்கும் இடையேயான பரப்பு இழுவிசையை மீட்டருக்கு 40 மில்லிநியூட்டன் என்று வைத்தால், எடை துளியின் வடிவத்தைக் கெடுக்கத் தொடங்கும் அளவு ஏறக்குறைய 7.6 மி.மீ. காற்றில் நீர்த்துளிக்கு இது 2.7 மி.மீ. மட்டுமே. ஆகவே 2 மி.மீ. அகலத் துளி நீருக்குள் சுத்தமான கோளத்தின் ஒரு துண்டாகவே நிற்கும். இன்னொரு காரணமும் இருக்கிறது. காற்றில் எண்ணெயை ஒட்டவிடாமல் செய்ய ஃப்ளோரின் பூச்சும் குடை வடிவ நுண்தூண்களும் வேண்டும். நீருக்குள் வெறும் சொரசொரப்பான கண்ணாடியே போதும்.

இதற்குக் கொடுக்க வேண்டிய விலை, ஒளியை வளைக்கும் திறன் குறைவது. நீரின் ஒளிவிலகல் எண் 1.333. எண்ணெய் எதுவானாலும் அதிலிருந்து 1.333-ஐக் கழித்து மிஞ்சுவதுதான் லென்ஸுக்குக் கிடைக்கும். ஃபினைல் சிலிக்கோன் எண்ணெய்களில் 1.50 அளவுள்ளதை எடுத்தால் வித்தியாசம் 0.167.

இனி செய்முறை. மாணவர்கள் முதலில் தடுக்கி விழும் இடம் லேசர் அல்ல, கண்ணாடி. சுத்தமான, லேசர் படாத கண்ணாடியும் நீரை மிகவும் விரும்பும் பொருள். அதனால் நீருக்குள் அதன் மேலும் எண்ணெய் பரவாது. தொடுகோணம் 90 டிகிரிக்கு மேலேயே நிற்கும். துளி வட்டத்தின் நடுவில் குமிழாக உட்கார்ந்திருக்குமே தவிர எல்லைவரை வராது. எல்லையைத் தொடாத துளிக்கு எல்லை இருந்தும் பயனில்லை. வட்டம் எண்ணெயை விரும்ப வேண்டும், சுற்றுப்புறம் வெறுக்க வேண்டும். அதற்கு எளிய வழி, முதலில் தகடு முழுவதையும் எண்ணெயை விரும்பும்படி செய்துவிட்டு, பிறகு லேசரால் சுற்றுப்புறத்தை மட்டும் சுட்டெடுப்பது. லேசர் மேல்பூச்சையும் நீக்கும், கண்ணாடியையும் சொரசொரப்பாக்கும். ஒரே ஓட்டத்தில் இரண்டு வேலை. வரிசையை மாற்றி, லேசர் வேலைக்குப் பிறகு பூச்சுப் போட்டால் சுற்றுப்புறமும் எண்ணெயை விரும்பத் தொடங்கிவிடும்; எல்லாம் வீண்.

1 மி.மீ. தடிமனுள்ள நுண்ணோக்கிக் கண்ணாடித் தகடு போதும். அசிட்டோனிலும் ஐசோபுரொபைல் ஆல்கஹாலிலும் ஐந்தைந்து நிமிடம் மீயொலித் தொட்டியில் கழுவி, காய்ச்சி வடித்த நீரில் அலசி, காயவைத்து, பிளாஸ்மாவிலோ ஓசோன் விளக்கின் கீழோ 10 நிமிடம் வைக்கலாம். பிறகு ஈரமில்லாத டோலுவீன் 50 மில்லிலிட்டரில் ஆக்டாடெசில் டிரைகுளோரோசிலேன் 20 மைக்ரோலிட்டர் கலந்து அதில் 30 நிமிடம் ஊறவைக்க வேண்டும். எடுத்ததும் புதிய டோலுவீனில் ஒருமுறை, ஆல்கஹாலில் ஒருமுறை அலசி, 110 டிகிரி செல்சியஸ் அடுப்பில் அரை மணி நேரம் வைக்க வேண்டும். சிலேன் ஈரத்தைக் கண்டால் ஹைட்ரஜன் குளோரைடு புகையை விடும். ஆகவே புகைபோக்கிக் கூண்டுக்குள்தான் இந்த வேலை நடக்க வேண்டும். சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் மழைக்காலத்தில் காற்றின் ஈரமே கரைசலைக் கெடுத்துவிடும். கண்ணாடியில் வெண்புள்ளிகள் திட்டுத்திட்டாகத் தெரிந்தால் அதுதான் காரணம். அந்தத் தகட்டைச் சரிசெய்ய முயல வேண்டாம், வேறு எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல தகட்டில் 5 மைக்ரோலிட்டர் நீர்த்துளி விட்டால் தொடுகோணம் 100 டிகிரியைத் தாண்டும். 95-க்குக் கீழே இருந்தால் பூச்சு அரைகுறை.

கண்ணாடிக்குப் பதில் சிலிக்கோன் ரப்பரைப் பயன்படுத்தினால் இந்தப் பூச்சு வேலை மிச்சம் என்று தோன்றும். எங்கள் கருத்தில் அது வேண்டாம். ரப்பரின் லேசர் பட்ட இடம் நீரை வெறுக்கும் என்பதால் அதை ஆக்சிஜன் பிளாஸ்மாவில் வைத்து மாற்ற வேண்டும். மாற்றிய குணம் காற்றில் நாளடைவில் மீண்டுவிடும். அதற்கு மேல், சிலிக்கோன் எண்ணெய் சிலிக்கோன் ரப்பருக்குள் ஊறிப் போகும். லென்ஸ் தன் அடித்தளத்திலேயே கரைவது போல ஆகிவிடும்.

லேசருக்கு வருவோம். பொதுவாகக் கிடைக்கும் டைட்டானியம் சஃபையர் ஃபெம்டோ விநாடி லேசரில் அலைநீளம் 800 நானோமீட்டர், துடிப்பின் நீளம் 50 ஃபெம்டோ விநாடி, விநாடிக்கு 1,000 துடிப்பு. நுண்ணோக்கியின் 20 மடங்கு பொருளருகு லென்ஸ் வழியே 20 மில்லிவாட் சராசரித் திறனில் தொடங்கலாம். தகட்டை விநாடிக்கு 5 மி.மீ. வேகத்தில் நகர்த்தினால் ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் 5 மைக்ரோமீட்டர் இடைவெளி விழும். வரிகளுக்கு இடையேயும் அதே 5 மைக்ரோமீட்டர் வைக்கலாம். இந்தக் கணக்கில் 10 மி.மீ. சதுரத்துக்கு 2,000 வரி, மொத்தம் 20 மீட்டர் ஓட்டம், 4,000 விநாடி, அதாவது ஒரு மணி ஏழு நிமிடம். ஒரே ஒரு 2 மி.மீ. லென்ஸ்தான் வேண்டும் என்றால் வட்டத்தைச் சுற்றி அரை மி.மீ. வளையம் போதும், மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஆனால் வளையத்துக்கு வெளியே இன்னும் எண்ணெயை விரும்பும் பூச்சு இருக்கிறது என்பதை மறக்கக்கூடாது. ஊசி தவறி அங்கே ஒரு துளி விழுந்தால் அது அங்கேயே படிந்து நிற்கும்.

இவ்வளவு குறுகிய துடிப்பு எதற்கு? வெப்பம் கண்ணாடிக்குள் பரவ நேரம் கிடைக்காமல் பொருள் அப்படியே சிதறிப் போவதற்காக. டோனா ஸ்ட்ரிக்லேண்டும் ஜெரார் மூரூவும் 1985-இல் கண்டுபிடித்து, 2018-இல் நோபல் பரிசு பெற்ற துடிப்புப் பெருக்கும் முறைதான் இத்தகைய லேசர்களைச் சாத்தியமாக்கியது. விளம்பரப் பலகைக் கடைகளில் உள்ள கரியமில வாயு லேசரும் கண்ணாடியில் எழுதும்தான். ஆனால் அது கண்ணாடியைச் சூடாக்கி விரிசல் விடச்செய்தே எழுதுகிறது. விரிசல் வட்டத்துக்குள்ளும் ஓடும், ஓரத்தில் சில்லுகள் பெயரும். எல்லைக்கோடே சிதைந்த பிறகு லென்ஸ் எப்படி நிற்கும்? பாத்திரத்தில் பெயர் பொறிக்கும் ஃபைபர் லேசரின் 1,064 நானோமீட்டர் ஒளி தெளிந்த கண்ணாடியைக் கடந்து போய்விடும், பொறிக்கவே பொறிக்காது. ஆனாலும் அந்த லேசர் உள்ள கல்லூரிகளுக்கு ஒரு வழி உண்டு. அலுமினியத் தகட்டைக் குறுக்கும் நெடுக்குமாகப் பொறித்து, அன்றைக்கே நீரில் இறக்கி, எண்ணெய்த் துளி உருள்வதைப் பார்க்கலாம். லென்ஸ் ஆகாது, ஒளி போகாதே. நனையும் தன்மையைக் கற்றுக்கொள்ள அருமையான பயிற்சி. அன்றைக்கே என்று சொல்வதற்குக் காரணம், லேசர் பட்ட உலோகம் காற்றில் கிடந்தால் காற்றிலுள்ள கரிமப் பொருள்களைப் பிடித்துக்கொண்டு, சில நாள்களில் அல்லது வாரங்களில் நீரை வெறுக்கும் பரப்பாக மாறிவிடும்.

இப்போது எல்லைக்கோடு. இங்கேதான் பொறுமை வேண்டும். தகட்டை நகர்த்தும் மேசை ஒவ்வொரு வரியின் முடிவிலும் வேகம் குறைந்து, நின்று, திரும்புகிறது. அது வட்டத்தின் ஓரத்தில் ஐம்பதில் ஒரு பங்கு விநாடி தயங்கினால்கூட ஒரே புள்ளியில் 20 துடிப்புகள் விழுந்துவிடும். சாதாரணமாக ஒரு துடிப்பு விழ வேண்டிய இடம் அது. அங்கே ஆழமான குழி விழும், குழியிலிருந்து தெறித்த துகள் வட்டத்துக்குள் படியும். எண்ணெய் அந்தக் குழிகளில் ஏறி நிற்கும். லென்ஸின் ஓரம் பற்கள் போலாகும். தீர்வு, மேசையை ஓரத்தில் நிறுத்தாமல் சீரான வேகத்தில் வட்டத்தின் மேலேயே ஓடவிட்டு, வட்டத்துக்குள் இருக்கும்போது மட்டும் ஒளியை மூடியால் அடைப்பது. மூடி திறக்க எடுக்கும் நேரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்: 2 மில்லிவிநாடி தாமதம் என்றால் 5 மி.மீ. வேகத்தில் ஓரம் 10 மைக்ரோமீட்டர் தள்ளிப்போகும். போகும்போதும் வரும்போதும் எழுதினால் அந்தத் தள்ளல் ஒரு வரிக்கு வலப்பக்கமும் அடுத்த வரிக்கு இடப்பக்கமும் விழுந்து ஓரம் சீப்பாகிவிடும். நேரம் இரு மடங்கானாலும் ஒரே திசையில் எழுதுவதே நல்லது. வரிகளெல்லாம் முடிந்த பிறகு, அதே திறனில் வட்டத்தின் சுற்றுக்கோட்டை இரண்டு முறை சுற்றி வரச்செய்தால் படிக்கட்டு போன்ற ஓரம் நேராகும். ஓரம் வட்டமாக இல்லாத லென்ஸில் செங்குத்துக் கோடும் கிடைக்கோடும் வெவ்வேறு தூரத்தில் குவியும். படம் தெளிவாக இல்லை என்று எண்ணெயைக் குறை சொல்வதற்கு முன் நுண்ணோக்கியில் ஓரத்தைப் பாருங்கள்.

சுடும்போது எழும் கண்ணாடித் தூசியை உறிஞ்சு குழாயால் பக்கவாட்டில் இழுத்துவிட வேண்டும். வட்டத்தில் படிந்தால் அது லென்ஸின் அடியில் புள்ளியாகத் தெரியும்; மூச்சில் போனால் நுரையீரலுக்குக் கேடு. 800 நானோமீட்டர் ஒளி கண்ணுக்கு மங்கலாகத்தான் தெரியும், ஆனால் இது நான்காம் வகுப்பு லேசர், அதாவது மிக ஆபத்தான வகை. தகட்டிலிருந்து தெறிக்கும் ஒளிகூட பார்வையைப் பறிக்கும். அந்த அலைநீளத்துக்கென்று குறிக்கப்பட்ட பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் யாரும் அறைக்குள் இருக்கக்கூடாது.

வேலை முடிந்ததும் ஐசோபுரொபைல் ஆல்கஹாலிலும் நீரிலும் மீயொலித் தொட்டியில் 10 நிமிடம் கழுவலாம். பிளாஸ்மாவில் மட்டும் வைத்துவிடாதீர்கள், வட்டத்தின் பூச்சு எரிந்துவிடும். பிறகு எளிய சோதனை: சொரசொரப்பான பகுதியில் நீர்த்துளி பட்டவுடன் விரிந்து மறைய வேண்டும், வட்டத்தில் முத்துப்போல் நிற்க வேண்டும். இரண்டும் சரியாக இருந்தால் உடனே நீருக்குள் இறக்கிவிடலாம். உலரவைத்து அலமாரியில் வைத்தால் கண்ணாடியும் மெல்ல மெல்ல அழுக்கேறும். மூடிய கலத்தில் காய்ச்சி வடித்த நீருக்குள்ளேயே அதைச் சேமிப்பது நல்லது.

ஒன்றை மட்டும் எப்போதும் மறக்கக்கூடாது. இந்தப் பரப்பு காற்றில் எண்ணெயைத் தள்ளாது, பஞ்சுபோல் உறிஞ்சும். உலர்ந்த தகட்டில் விரல்பட்டால்கூட விரலின் எண்ணெய் குழிகளுக்குள் போய்விடும். பிறகு நீருக்குள் வைத்தாலும் அந்த இடத்தில் எண்ணெய் ஒட்டும். முதலில் நீர், அப்புறம்தான் எண்ணெய். நீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டுப் பயன்படுத்தினால் கரைந்திருந்த காற்று போயிருக்கும். தகட்டைச் சாய்வாக, மெதுவாக இறக்க வேண்டும். இறக்கிய பிறகு பக்கவாட்டில் பாருங்கள்: வெள்ளிபோல் மின்னும் இடம் எதுவானாலும் அங்கே காற்று சிக்கியிருக்கிறது. குழிகளில் காற்று நின்றால் அந்த வழியாக எண்ணெய் ஊடுருவும். வட்டத்தின் மேல் ஒட்டிய குமிழியைச் சொட்டுக்குழாயால் நீரைப் பீய்ச்சி விலக்கலாம்.

எண்ணெய் ஊற்ற 10 மைக்ரோலிட்டர் கண்ணாடிச் சிரிஞ்சும், முனை மழுங்கிய ஊசியும் வேண்டும். ஊசியின் வெளிப்பக்கம் எண்ணெய்ப் பிசுக்கில்லாமல் நீர் நனையும்படி சுத்தமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் துளி கண்ணாடியை விட்டுவிட்டு ஊசியின் மேலே ஏறிக்கொள்ளும். முனையை வட்டத்தின் நடுவில், கண்ணாடியிலிருந்து 0.3 மி.மீ. உயரத்தில் நிறுத்தி மெதுவாக அழுத்துங்கள். எண்ணெய் கண்ணாடியைத் தொட்டதும் பரவாது. இடையே மெல்லிய நீர்ப்படலம் இருக்கிறது, அது வடிந்து போகும்வரை காத்திருக்க வேண்டும். படலம் போன கணத்தில் துளி சட்டென்று எல்லைவரை பரவி நின்றுவிடும். பார்க்க மிக அழகான நொடி அது.

2 மி.மீ. விட்டமுள்ள வட்டத்துக்கான கணக்கைத் தருகிறோம். 0.32 மைக்ரோலிட்டர் விட்டால் துளியின் உயரம் 0.2 மி.மீ., வளைவு ஆரம் 2.6 மி.மீ. நீர்ப்பக்கமிருந்து இணைக்கதிர்கள் வந்து கண்ணாடியைக் கடந்து காற்றில் குவிந்தால் குவியத் தூரம் சுமார் 15.6 மி.மீ. 0.66 மைக்ரோலிட்டரில் உயரம் 0.4, ஆரம் 1.45, குவியத் தூரம் 8.7 மி.மீ. 1.06 மைக்ரோலிட்டரில் உயரம் 0.6, ஆரம் 1.13, குவியத் தூரம் 6.8 மி.மீ. துளி சரியாக அரைக்கோளமாகும்போது 2.09 மைக்ரோலிட்டர், ஆரம் 1 மி.மீ., குவியத் தூரம் 6 மி.மீ. அதற்கு மேல் எவ்வளவு ஊற்றினாலும் ஆரம் குறையாது. திரும்பக் கூடத் தொடங்கும். ஆகவே இந்த எண்ணெயில், இந்த வட்டத்தில், 6 மி.மீ.க்குக் குறைந்த குவியத் தூரம் கிடைக்கவே கிடைக்காது. வேண்டுமானால் வட்டத்தைச் சிறிதாக்க வேண்டும். ஒளி மறுபக்கத்திலிருந்து, அதாவது காற்றிலிருந்து கண்ணாடி வழியே நுழைந்து நீருக்குள் குவிந்தால் மேற்சொன்ன தூரங்களை 1.333-ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும்; 8.7 மி.மீ. 11.6 மி.மீ. ஆகிவிடும். ஒரே லென்ஸுக்கு இருவர் இரண்டு அளவு சொல்லிச் சண்டை வருவது பெரும்பாலும் இதனால்தான்.

சிரிஞ்சின் பிழை எவ்வளவு கெடுக்கும் என்பதும் இதிலிருந்தே தெரியும். 0.66 மைக்ரோலிட்டருக்குப் பதில் 0.76 விட்டால் குவியத் தூரம் 8.7-இலிருந்து 8.0-க்கு இறங்கிவிடும். ஊசியை எடுக்கும்போது முனையில் ஒட்டி வரும் எண்ணெயே சில சமயம் அவ்வளவு இருக்கும். ஆகவே சிரிஞ்சின் கோட்டை நம்பாமல், பக்கவாட்டுப் படம் எடுத்து உயரத்தை அளந்து, அதிலிருந்து ஆரத்தைக் கணக்கிடுவதே சரி. வட்டத்தின் ஆரத்தின் வர்க்கத்தையும் உயரத்தின் வர்க்கத்தையும் கூட்டி, உயரத்தின் இரு மடங்கால் வகுத்தால் வளைவு ஆரம் வரும்.

எண்ணெய் எல்லை தாண்டி வழிந்தால் அதிகம் ஊற்றிவிட்டோம் என்று நினைப்பது இயல்பு. கணக்கு வேறு சொல்கிறது. சுற்றுப்புறத்தின் தொடுகோணம் 150 டிகிரி என்றால் இந்த 2 மி.மீ. வட்டம் 33 மைக்ரோலிட்டர் வரை பிடித்து வைத்திருக்கும். லென்ஸுக்கு வேண்டியதுபோல் பதினைந்து மடங்குக்கு மேல். ஆகவே ஒன்றிரண்டு மைக்ரோலிட்டரிலேயே எண்ணெய் கசிகிறது என்றால் அளவில் தவறில்லை, எல்லையில்தான் தவறு: சிக்கிய காற்று, விரல் அழுக்கு, லேசர் தவறவிட்ட கீற்று, இவற்றில் ஒன்று. எந்தப் பக்கம் கசிகிறதோ அங்கே நுண்ணோக்கியில் பார்த்தால் கிடைத்துவிடும்.

0.2 மி.மீ. போன்ற சிறு வட்டங்கள் நூறு இருந்தால் ஒவ்வொன்றாக ஊற்ற முடியாது. ஒவ்வொன்றுக்கும் வேண்டியது ஒரு நானோலிட்டருக்கும் குறைவு. அப்போது 20 மைக்ரோலிட்டர் பெருந்துளியை ஊசியில் தொங்கவிட்டபடி தகட்டின் மேல் மெதுவாக இழுத்துச் செல்வார்கள். அது சொரசொரப்பில் ஒட்டாமல் நகர்ந்து, கடந்த வட்டம் ஒவ்வொன்றிலும் தன்னில் சிறிது விட்டுச் செல்லும். இழுக்கும் வேகம் மாறாமல் இருந்தால் லென்ஸ்களும் ஒரே அளவாக இருக்கும்.

எந்த எண்ணெய் என்பதில் உங்கள் கட்டுரை 1,2-டைகுளோரோ ஈத்தேனைச் சொல்லியிருந்தது. ஆய்வுக்கட்டுரைகளில் இது அடிக்கடி வரும். நீரைவிடக் கனமானது, அடர்த்தி 1.25, ஒளிவிலகல் எண் 1.445. ஆனால் எளிதில் தீப்பிடிக்கும், மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்திய பொருள். வகுப்பறைக்குள் கொண்டுவரவே கூடாது. லென்ஸுக்கும் அது நல்லதல்ல: ஒரு லிட்டர் நீரில் 8.7 கிராம் கரையும். 0.66 மைக்ரோலிட்டர் துளியின் எடை 0.83 மில்லிகிராம், அதைக் கரைத்துவிட 0.1 மில்லிலிட்டர் நீரே போதும். 50 மில்லிலிட்டர் புதிய நீருக்குள் வைத்த லென்ஸ் கண்ணெதிரே சுருங்கி மறையும். ஆய்வகங்களில் நீரை முன்கூட்டியே அதே திரவத்தால் நிறைவுபடுத்தி இதைத் தடுக்கலாம். மாணவர்களுக்கு அந்த வேலையே வேண்டாம். ஃபினைல் சிலிக்கோன் எண்ணெய் கிடைக்கவில்லை என்றால் நம் ஊர் ஆமணக்கெண்ணெய் இருக்கிறது. ஒளிவிலகல் எண் 1.478, அடர்த்தி 0.96. நீரைவிட இலேசு என்பதால் தகட்டைக் கவிழ்த்து, சொரசொரப்பான பக்கம் கீழ்நோக்கி இருக்குமாறு நீருக்குள் நிறுத்தி, வளைந்த ஊசியால் கீழிருந்து மேலாக விட வேண்டும். 0.4 மி.மீ. உயரத் துளிக்குக் குவியத் தூரம் 10 மி.மீ. வரும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்து வெண்மையாகிவிடும். குளிர்சாதன அறையில் அது உதவாது.

எல்லையில் பிடித்து நிற்கும், எடை பாதிக்காத துளியின் வடிவம் அதன் கொள்ளளவை மட்டுமே சார்ந்தது. இழுவிசை சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் வளைவு மாறாது. ஆகவே வெப்பம் மாறும்போது குவியத் தூரம் ஏன் நகர்கிறது என்று தேடுபவர்கள் இழுவிசையைப் பார்க்கக்கூடாது; ஒளிவிலகல் எண்ணைப் பார்க்க வேண்டும். எண்ணெயின் எண் டிகிரிக்கு ஏறக்குறைய 0.0004 குறையும், நீரின் எண் 0.0001 குறையும். 10 டிகிரி ஏறினால் வித்தியாசம் 0.167-இலிருந்து 0.164 ஆகும், குவியத் தூரம் சுமார் 2 சதவீதம் நீளும். சோப்பு வேறு கதை. கழுவாத பாத்திரத்தில் ஒட்டியிருக்கும் சோப்பு, எண்ணெய்க்கும் கண்ணாடிக்கும் இடையே நீரைப் புகவிட்டு லென்ஸை அப்படியே பெயர்த்துவிடும். பாத்திரத்திலிருந்து எண்ணெய்ப் பிசுக்கைக் கிளப்புவதுதானே அதன் தொழில்.

படத் தெளிவைச் சோதிக்க 1951-ஆம் ஆண்டின் அமெரிக்க விமானப்படைக் கோட்டு அட்டையின் (படிப்படியாக நெருங்கும் கோடுகள் கொண்ட சோதனை அட்டை) கண்ணாடிப் பதிப்பு வசதியானது. கலத்தின் மேலிருந்து இணைக்கதிர் விட்டு, அடியில் குவியும் இடத்தை அளக்கும்போது தகடு, கலத்தின் அடிக்கண்ணாடி ஆகியவற்றின் மொத்தத் தடிமனை 1.5-ஆல் வகுத்துக் குவியத் தூரத்திலிருந்து கழித்துக்கொள்ள வேண்டும், 2 மி.மீ. கண்ணாடி என்றால் 1.3 மி.மீ. கழியும். தகட்டுக்கும் கலத்தின் அடிக்கும் நடுவே நீர் இடைவெளி விடாமல் ஒட்டி வையுங்கள். சுற்றுப்புறத்துச் சொரசொரப்பு ஒளியைச் சிதறடித்துப் படத்தின் மேல் வெண்புகைபோல் படியும். 2 மி.மீ. துளையிட்ட கறுப்புத் தாளை அடியில் வைத்தால் தீர்ந்தது.

வெகுகாலமாகக் கடையில் கிடைக்கும் மின்னழுத்தத் திரவ லென்ஸோடு இதை ஒப்பிட்டு, அதற்கு மாற்று என்று உங்கள் கட்டுரை முடித்திருந்தது. புரூனோ பெர்ஷ், பெசோ இருவரும் 2000-இல் வெளியிட்ட அந்த முறையில் மின்னழுத்தம் மாற்றினால் குவியத் தூரம் நொடிக்குள் மாறும். இங்கே எண்ணெயைக் கூட்டியோ உறிஞ்சியோதான் மாற்ற முடியும். மின்னழுத்தம், உலோகப் பூச்சு, மின்காப்புப் படலம் எதுவும் இல்லாமல், ஒரே கண்ணாடித் தகட்டில், நூற்றுக்கணக்கான சிறு லென்ஸ்களை ஒரே நேரத்தில் நிறுத்துவதுதான் இதன் பலம். நீருக்குள்ளேயே இருக்க வேண்டிய உயிரணு ஆய்வுக் கலம், நுண்குழாய்த் தகடு போன்றவற்றில் இது இயல்பாகப் பொருந்தும். கைப்பேசிக் கேமராவுக்கு வராது.

அந்தக் கட்டுரையின் திருத்தத்தை அடுத்த அறிவியல் பக்கத்தில் வெளியிடுவீர்கள் என்று நம்புகிறோம். இடம் குறைவாக இருந்தால் இரண்டை மட்டுமாவது விடாமல் அச்சிடுங்கள்: துளியின் அளவு மைக்ரோலிட்டரில் என்பதும், டைகுளோரோ ஈத்தேனை மாணவர்கள் கையாளக்கூடாது என்பதும்.

இப்படிக்கு,
ஒளியியல் ஆய்வகப் பணியாளர்கள் இருவர்,
கோயம்புத்தூர்.